டெக்சாஸில் வீடு வாங்கும் முன்: கவுன்ட்டி ஆவணங்களை நீங்களே தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஊரில் மனை வாங்குகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டால், யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் என்று ஒரே பட்டியலாக வந்துவிடும். டெக்சாஸில் அப்படி ஒரு தாளை எந்த அரசு அலுவலகமும் தருவதில்லை. பட்டா என்று எதுவும் இல்லை. அந்தப் பட்டியலை நாமேதான் கவுன்ட்டியில், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவில், உள்ள நான்கைந்து அலுவலகங்களின் பதிவுகளிலிருந்து கோர்த்தெடுக்க வேண்டும். இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதற்கு என்று கேட்க மாட்டார்கள். முக்கால்வாசி வேலை வீட்டிலிருந்தே முடிந்துவிடும்.

சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்புறுதி தரும் டைட்டில் கம்பெனி இருக்கும்போது நமக்கேன் இந்த வேலை என்று தோன்றலாம். டைட்டில் கம்பெனி தேடத் தொடங்குவது நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணம் கட்டிய பிறகு. நீங்கள் தேட வேண்டியது விலை பேசும் முன். அவர்கள் தரும் காப்புறுதியும் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்காது. எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று ஒரு பட்டியலே போட்டிருப்பார்கள். ஆனால் ஒன்று: கீழே சொல்லும் தேடல் டைட்டில் கம்பெனியின் தேடலுக்கு மாற்று அல்ல. நாமே தேடிவிட்டோம் என்று டைட்டில் பாலிசி எடுக்காமல் விடாதீர்கள்.

இங்கே சொல்பவை டெக்சாஸுக்குப் பொருந்தும். உதாரணங்கள் பெரும்பாலும் டாலஸ் வட்டாரத்திலிருந்து. வேறு மாநிலங்களில் இதே வேலையை ரெக்கார்டர், ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் என்று வேறு பெயருள்ள அலுவலகங்கள் செய்யும். கட்டணமும் கெடுவும் மாறும்.

1. எந்த அலுவலகத்தில் எது இருக்கிறது

பாதி நேரம் வீணாவது தப்பான அலுவலகத்தில் தேடுவதால்தான்.

கவுன்ட்டி கிளார்க்: பத்திரங்கள், அடமானங்கள், லீன்கள் (பாக்கிக்காகச் சொத்தின் மீது ஏறும் பொறுப்புகள்), மனைப்பிரிவு வரைபடங்கள், உயில் வழக்குகள், திருமணப் பதிவுகள், கவுன்ட்டி கோர்ட் அட் லா வழக்குகள்.

டிஸ்ட்ரிக்ட் கிளார்க்: விவாகரத்து, பெரிய சிவில் வழக்குகள், நில உரிமை வழக்குகள், சொத்துவரி பாக்கி வழக்குகள், பெருங்குற்ற வழக்குகள். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது கவுன்ட்டி கிளார்க்கிலிருந்து முற்றிலும் தனி அலுவலகம். ஒன்றில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மற்றதில் இல்லை என்று பொருளாகாது.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்: வரிக்காகச் சொத்தின் மதிப்பைக் கணக்கிடும் அமைப்பு. கவுன்ட்டி நிர்வாகத்தின் கிளை அல்ல.

டாக்ஸ் அசெசர்-கலெக்டர்: வரியை வசூலிக்கும் அலுவலகம். மதிப்பு போடுவது ஒருவர், பணம் வாங்குவது இன்னொருவர்.

ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்: வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்குகளும் 20,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளும்.

2. கவுன்ட்டியை உறுதிப்படுத்துங்கள்

டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள். ஆவணம் கிடப்பது கவுன்ட்டியில், நகரத்தில் அல்ல. தபால் முகவரியில் இருக்கும் நகரத்தின் பெயரை வைத்துக் கவுன்ட்டியை ஊகிக்காதீர்கள். ஃபிரிஸ்கோவின் கிழக்குப் பக்கம் காலின் கவுன்ட்டி, மேற்குப் பக்கம் டென்டன் கவுன்ட்டி. பிராஸ்பரும் அப்படித்தான். டாலஸ் நகரமே ஐந்து கவுன்ட்டிகளில் கால் வைத்திருக்கிறது: டாலஸ், காலின், டென்டன், ராக்வால், காஃப்மன். ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்று முகவரி இருந்தால் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆஸ்டின் முகவரி டிராவிஸாகவும் இருக்கும், வில்லியம்சனாகவும் இருக்கும்.

முகவரியை இரண்டு பக்கத்து அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளங்களிலும் போட்டுப் பாருங்கள். எதில் சொத்து எண்ணும் மதிப்பும் வருகிறதோ அதுதான் கவுன்ட்டி. நேரில் போவதாக இருந்தால் தலைமையிட ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள்: காலினுக்கு மெக்கின்னி, ஃபோர்ட் பெண்டுக்கு ரிச்மண்ட், வில்லியம்சனுக்கு ஜார்ஜ்டவுன்.

தேடுபொறியில் கவுன்ட்டி பெயரைப் போட்டால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். பெயரில் 'பப்ளிக் ரெக்கார்ட்ஸ்' இருக்கும், மாதச் சந்தா கேட்கும். கவுன்ட்டியின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பின் வழியாகவே தேடல் பக்கத்துக்குள் நுழையுங்கள். சில கவுன்ட்டிகள் தேடல் பக்கத்தை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருப்பதால் முகவரி வேறாகத் தெரியும். கவுன்ட்டி தளத்திலிருந்தே போனீர்கள் என்றால் பயமில்லை.

3. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் பக்கத்தில் எடுக்க வேண்டியவை

முகவரியைப் போட்டுத் தேடுங்கள், கட்டணம் இல்லை. இவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்:

சொத்து அடையாள எண்; உரிமையாளர் பெயர் (அவர்கள் எழுதியிருக்கும் எழுத்துப்படியே); சட்ட விவரணை (மனைப்பிரிவின் பெயர், பிளாக், மனை எண்ணான லாட், மனைப்பிரிவின் எந்தக் கட்டம் என்று சொல்லும் ஃபேஸ்); கடைசிப் பத்திரத்தின் தேதியும் ஆவண எண்ணும்; வரிவிலக்குக் குறியீடுகள்; கட்டிய ஆண்டு; சதுர அடி; ஆண்டுவாரியான மதிப்பு.

மனைப்பிரிவின் பெயரில் ஃபேஸ் எண் மிக முக்கியம். ஒரே பெயரில் ஃபேஸ் ஒன்றும் இருக்கும், இரண்டும் இருக்கும். இரண்டிலும் பிளாக் சி, லாட் 12 இருக்கும். ஃபேஸை விட்டுவிட்டால் பக்கத்துத் தெருக்காரர் வீட்டு வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நகரத்துக்கு வெளியே உள்ள நிலமென்றால் லாட், பிளாக் இருக்காது. பழைய நில அளவையான சர்வேயின் பெயரும் அதற்குரிய அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் ஏக்கரும் இருக்கும். பழைய எல்லை விவரங்களில் அளவு வாராவில் வரும். ஒரு வாரா 33⅓ அங்குலம்.

இந்தப் பக்கத்தை உரிமைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது வரி போடுவதற்காக வைத்திருக்கும் ஏடு. வீடு கைமாறி வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத்தான் இங்கே பெயர் மாறும். காவல்துறையினர், நீதிபதிகள் போன்ற சிலர் பெயரை இணையத்தில் மறைக்கச் சொல்லலாம். அப்போது பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

விற்ற விலையையும் இங்கே தேடாதீர்கள். டெக்சாஸில் விற்பனை விலையை அரசிடம் சொல்ல வேண்டும் என்ற சட்டமில்லை. பத்திரத்தைத் திறந்தாலும் 'பத்து டாலரும் வேறு நல்ல மதிப்பும் பெற்றுக்கொண்டு' என்றுதான் எழுதியிருக்கும். அது வழக்கமான வாசகம். வீட்டைப் பத்து டாலருக்குக் கொடுத்துவிட்டார் என்று பதறவேண்டாம். கடன் தொகை அடமானப் பத்திரத்தில் இருக்கும். அதை வைத்து அன்று வாங்கிய விலையை ஓரளவு ஊகிக்கலாம்.

4. கவுன்ட்டி கிளார்க் தளத்தில் பத்திரச் சங்கிலியைப் பிடியுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை. பத்திரப் பதிவுகள் பெயர்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். கொடுப்பவர் கிராண்டர், வாங்குபவர் கிராண்டி. இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் சுற்று பின்னோக்கி. இப்போதைய உரிமையாளரின் பெயரைக் கிராண்டியாகப் போட்டுத் தேடுங்கள். அவர் வாங்கிய பத்திரம் வரும். அதில் விற்றவர் யார் என்று பார்த்து, அவரைக் கிராண்டியாகப் போடுங்கள். இப்படியே மனையைப் பிரித்துப் போட்ட டெவலப்பர் வரை போங்கள். புறநகர் வீடு என்றால் மூன்று நான்கு பத்திரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் சுற்று முன்னோக்கி. சங்கிலியில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் கிராண்டராகப் போட்டு, அவர் வாங்கிய நாளிலிருந்து விற்றதற்குச் சில மாதங்கள் பின்வரை தேடுங்கள். அந்தக் காலத்தில் அவர் வாங்கிய கடன்கள், தலையில் ஏறிய லீன்கள், கொடுத்த பாதை உரிமைகள் எல்லாம் இங்கே வரும். பெரும்பாலானோர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். வில்லங்கம் இருப்பதோ இரண்டாம் சுற்றில்.

பல தளங்களில் மனைப்பிரிவு, பிளாக், லாட் போட்டும் தேடலாம். வேகமான வழிதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கோர்ட் தீர்ப்பின்படி ஏறும் லீனும் வருமானவரித் துறையின் லீனும் ஆள் பெயரில் பதிவாகும். அவற்றில் லாட் எண் இருக்காது. லாட் போட்டுத் தேடினால் வரவே வராது.

பெயர்த் தேடலில் நம்மவர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. விற்பவர் தமிழரோ தெலுங்கரோ என்றால் இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிப் போடுங்கள்:

- அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். சில ஆவணத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். 'ராமசாமி, செந்தில்குமார்' என்றும் 'செந்தில்குமார், ராமசாமி' என்றும் தேடுங்கள்.
- 'செந்தில் குமார்' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால், குமார் மட்டும் கடைசிப் பெயராகவும் செந்தில் நடுப்பெயராகவும் போயிருக்கலாம்.
- பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். அதுவே பத்திரத்திலும் ஏறியிருக்கும்.
- ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒற்றை மெய், இரட்டை மெய், 'எச்' வருவது, விடுவது. முழுப்பெயர் போடாமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுவது இதற்குச் சிறந்த வழி.

எதிர்ப்பக்கச் சிக்கலும் இருக்கிறது. குமார், படேல், ரெட்டி என்று போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். அதில் வரும் லீன் நீங்கள் தேடும் ஆளுடையதா என்று முகவரியை வைத்துப் பாருங்கள். டைட்டில் கம்பெனியும் இதே குழப்பத்தில் விழும். அப்போது 'அந்த ஆள் நான் இல்லை' என்று விற்பவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவார்கள். அது சாதாரண நடைமுறை, சந்தேகப்பட ஒன்றுமில்லை.

தேடல் பக்கத்தில் எந்தத் தேதி வரையிலான ஆவணங்கள் ஏறியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் பதிவானவை வராது. க்ளோசிங்குக்கு, அதாவது பணம் கொடுத்துப் பத்திரம் முடிக்கும் நாளுக்கு, முந்தைய நாள் இன்னொரு முறை தேடுவது நல்லது.

5. வரும் ஆவணங்களை எப்படிப் படிப்பது

பத்திர வகை. ஜெனரல் வாரன்டி டீட் என்றால் விற்பவர் தனக்கு முந்தைய காலத்துக்கும் சேர்த்து உரிமைக்குப் பொறுப்பேற்கிறார். ஸ்பெஷல் வாரன்டி டீட் என்றால் தன் காலத்துக்கு மட்டும். புது வீடு கட்டி விற்கும் பில்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். க்விட்க்ளெய்ம் என்றால் எதற்கும் பொறுப்பில்லை, இருக்கிற உரிமை எதுவோ அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று பொருள். சங்கிலியின் நடுவே க்விட்க்ளெய்ம் தென்பட்டால் டைட்டில் கம்பெனியிடம் உடனே கேளுங்கள்.

கணவன், மனைவி கையெழுத்து. குடியிருந்த வீட்டை விற்கும்போது, பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், டெக்சாஸில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பழைய பத்திரத்தில் 'திருமணமாகாதவர்' என்று போட்டிருக்கிறது, அதே காலத்து அடமானப் பத்திரத்தில் மனைவி கையெழுத்து இருக்கிறது என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி.

அடமானம். டீட் ஆஃப் ட்ரஸ்ட் என்ற பெயரில் வரும். ஒவ்வொரு டீட் ஆஃப் ட்ரஸ்டுக்கும், கடன் அடைந்தது என்று காட்டும் ஒரு ரிலீஸ் ஆஃப் லீன் இருக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் அடமான எண், வலப்பக்கம் ரிலீஸ் எண் என்று எழுதிக்கொண்டே போங்கள். வலப்பக்கம் காலியாக இருப்பவை இன்னும் உயிரோடு இருக்கும் கடன்கள், அல்லது அடைத்தும் ரிலீஸ் பதியாமல் விட்டவை. கடன் கைமாறியிருந்தால் நடுவில் அசைன்மென்ட் என்று ஒன்று வரும். அப்போது ரிலீஸ் கொடுத்திருப்பவர் முதலில் கடன் கொடுத்த வங்கியாக இருக்காது. வீட்டில் தனக்குள்ள பங்கை ஈடாக வைத்து வாங்கும் ஹோம் ஈக்விட்டி கடன் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது அடமானமாக நிற்கும். அதையும் தனியாக எண்ணுங்கள்.

லீன்கள். கோர்ட் தீர்ப்பு லீன் பதிந்த நாளிலிருந்து பொதுவாகப் பத்து ஆண்டு நிற்கும், புதுப்பிக்கவும் முடியும். கூரை போட்டவர், நீச்சல்குளம் கட்டியவர் பதியும் மெக்கானிக்ஸ் லீன் வேலை முடிந்து சில மாதங்கள் கழித்தும் ஏறலாம். அண்மையில் பெரிய வேலை நடந்த வீடு என்றால், பணம் கொடுத்த ரசீதையும் ஒப்பந்தக்காரர் எழுதிக்கொடுத்த விடுவிப்பையும் கேட்டு வாங்குங்கள். வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்ஓஏ-வின் சந்தா பாக்கியும் லீனாக வரும்.

சோலார் பலகை உள்ள வீட்டில் யூசிசி ஃபிக்ஸ்சர் ஃபைலிங் என்று ஒன்று கண்ணில் படும். பலகை கடனிலோ வாடகையிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதை யார் அடைப்பது என்பதை விலை பேசும்போதே முடிவுசெய்துவிடுங்கள். க்ளோசிங் வாரத்தில் தலைவலி கொடுப்பதில் இதற்குத்தான் முதலிடம்.

பவர் ஆஃப் அட்டர்னி. விற்பவரில் ஒருவர் சென்னையிலோ கோவையிலோ இருந்தால் பவர் வழியாகத்தான் கையெழுத்து நடக்கும். அந்தப் பவரும் கவுன்ட்டியில் பதிவாக வேண்டும். பழைய பத்திரம் ஒன்று பவரில் முடிந்திருந்தால், அந்தப் பவர் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் பக்கத்திலும் இதே நிலைமை என்றால், வாசகத்தை டைட்டில் கம்பெனியிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே இந்தியாவில் கையெழுத்துக்கு அனுப்புங்கள். அமெரிக்கத் தூதரகத்தில் நோட்டரி போடலாம், அல்லது இந்திய நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வாங்கலாம். இரண்டில் எதை ஏற்பார்கள் என்று டைட்டில் கம்பெனிதான் சொல்ல வேண்டும். எப்படியும் சில வாரங்கள் பிடிக்கும்.

6. ஏல அறிவிப்பைத் தனியாகத் தேடுங்கள்

டெக்சாஸில் வங்கி வீட்டை ஏலம் விடப் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதனால் கோர்ட் பதிவில் எதுவும் தெரியாது. ஏலம் நடப்பது ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே. குறைந்தது 21 நாள் முன்பாக அறிவிப்பைக் கவுன்ட்டி கிளார்க்கிடம் கொடுத்து, கோர்ட் வளாகத்திலும் ஒட்ட வேண்டும். அதாவது பொதுமக்கள் கண்ணுக்கு அது தெரிவது ஏறக்குறைய மூன்று வாரம்தான். பல கவுன்ட்டிகளில் இந்த அறிவிப்புகள் பத்திரத் தேடலில் வராது. தளத்தில் 'ஃபோர்க்ளோசர் நோட்டீஸ்' என்று தனிப்பக்கம் இருக்கும். ஹோம் ஈக்விட்டி கடன் போன்ற சிலவற்றுக்கு ஏலத்துக்கு முன் கோர்ட் உத்தரவு வேண்டும். அது பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பதிவில் இருக்கும்.

7. வரைபடமும் ஹெச்ஓஏ விதிகளும்

மனைப்பிரிவின் பிளாட் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கொல்லைப்புறத்தில் எத்தனை அடி வரை கட்டக்கூடாது, மின்கம்பிக்கும் சாக்கடைக்கும் விட்ட இடம் எங்கே, வெள்ளப்பகுதி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நீச்சல்குளம், ஷெட், கூரைபோட்ட பாட்டியோ போட நினைப்பவர்கள் வீட்டைப் பார்க்கும் முன்பே இதைப் பார்ப்பது நல்லது.

ஹெச்ஓஏ விதிகளையும் கவுன்ட்டியில் பதிய வேண்டும் என்பது சட்டம். டெவலப்பர் பெயரையோ மனைப்பிரிவின் பெயரையோ கிராண்டராகப் போட்டால் மூல விதியும் பின்வந்த திருத்தங்களும் வரும். திருத்தங்களை விடாதீர்கள், வீட்டை வாடகைக்கு விடுவதற்கான கட்டுப்பாடு பெரும்பாலும் திருத்தத்தில்தான் ஒளிந்திருக்கும்.

8. வரி

டாக்ஸ் அலுவலகத் தளத்தில் சொத்து எண்ணைப் போட்டு, பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் வாக்கில் பில் வரும், ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி பிறந்ததுமே 6 விழுக்காடு அபராதமும் 1 விழுக்காடு வட்டியும் சேரும். ஜூலையில் வழக்கறிஞர் செலவு என்று 20 விழுக்காடு வரை ஏறலாம். அதிகாரபூர்வ வரிச் சான்று வேண்டுமென்றால் அதிகபட்சம் 10 டாலர்.

ஹூஸ்டன் பக்கத்தில் கவுன்ட்டி டாக்ஸ் தளத்தில் பாக்கி இல்லை என்று வந்தாலும் வேலை முடியவில்லை. எம்யூடி எனப்படும் குடிநீர் மாவட்ட வரியையும் சில பள்ளி மாவட்ட வரிகளையும் வேறு வசூலிப்பாளர்கள் வாங்குவார்கள். அப்ரைசல் பக்கத்தில் எந்தெந்த அமைப்புகள் வரி போடுகின்றன என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் யார் வசூலிக்கிறார்கள் என்று பார்த்துத் தனித்தனியே சரிபாருங்கள்.

விற்பவர் கட்டிய வரியை வைத்து உங்கள் மாதச் செலவைக் கணக்கிடாதீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியவருக்கு, வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. பத்து வருடம் இருந்தவரின் மதிப்பு சந்தை மதிப்பைவிட வெகு கீழே நிற்கும். வீடு கைமாறியதும் அந்த உச்சவரம்பு போய்விடும்; அடுத்த ஆண்டு முழு மதிப்புக்கு வரி. 65 வயதுக்கு மேற்பட்டவர் விற்கிறார் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். விலக்குக் குறியீடுகளை எழுதிக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

புது வீட்டில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. மதிப்பு போடுவது ஜனவரி 1 அன்று இருந்த நிலைமைக்கு. அன்று வெறும் மனையாகவோ அரைக்கட்டடமாகவோ இருந்திருந்தால் அந்த ஆண்டு வரி சில ஆயிரம்கூட வராது. அதை வைத்து, வரிக்காகத் தவணையோடு மாதாமாதம் வாங்கி வைக்கும் எஸ்க்ரோவைக் கணக்கிட்டால், மறு ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வரும்போது மாதத் தவணை எகிறும். மொத்த வரி விகிதத்தை வீட்டு விலையோடு பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, அதுதான் என் மாத வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. கோர்ட் பதிவுகள்

விற்பவர் பெயரிலும், புது வீடென்றால் பில்டர் பெயரிலும் தேடுங்கள். 20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட். அதற்கு அடுத்து ஒரு வரம்பு வரை கவுன்ட்டி கோர்ட் அட் லா. அதற்கு மேலும், நில உரிமைத் தகராறும் விவாகரத்தும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். ஓர் இடத்தில் இல்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள். மாநிலம் முழுவதையும் ஒரே இடத்தில் தேட 'ரிசர்ச் டெக்சாஸ்' என்ற தளம் இருக்கிறது. பதிவு செய்ய இலவசம், ஆவணத்துக்குக் கட்டணம். எல்லாப் பழைய வழக்குகளும் அதில் வராது.

வழக்கு எண்ணைப் பார்த்தே வகை சொல்லலாம். டாலஸ் கவுன்ட்டியில் 'டிசி' என்று தொடங்கினால் டிஸ்ட்ரிக்ட் சிவில், 'டிஎஃப்' குடும்ப வழக்கு, 'சிசி' கவுன்ட்டி கோர்ட், 'பிஆர்' உயில் வழக்கு. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு.

எதைத் தேட வேண்டும்? விவாகரத்து நடந்திருந்தால், வீடு யாருக்கு என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறதா, அதன்படி பத்திரம் பதிவாகியிருக்கிறதா. உரிமையாளர் இறந்திருந்தால் உயில் வழக்கு முடிந்ததா. உயில் இல்லையென்றால் வாரிசு உறுதிமொழிப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா. கவுன்ட்டியோ பள்ளி மாவட்டமோ வாதியாக இருந்தால் வரி பாக்கி வழக்கு. லிஸ் பென்டென்ஸ் என்று கிளார்க் பதிவில் கண்டால், அந்த வீட்டின் மீதே வழக்கு நடக்கிறது; கை வைக்காதீர்கள்.

நிலைமை என்ற இடத்தில் 'டிஸ்போஸ்ட்' என்று இருந்தால் வழக்கு முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். தள்ளுபடியானதா, விற்பவருக்கு எதிராகத் தீர்ப்பானதா என்று உள்ளே நிகழ்வுப் பட்டியலைத் திறந்துதான் பார்க்க வேண்டும். குடும்ப வழக்கு ஆவணங்கள் இணையத்தில் பல கவுன்ட்டிகளில் திறக்காது. நேரில் போய் வாங்கலாம்.

திவால் வழக்குகள் கவுன்ட்டியில் இருக்காது. அவை ஃபெடரல் கோர்ட். பேசர் என்ற தளத்தில் கணக்கு தொடங்குங்கள். பக்கத்துக்கு 10 செண்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் எதுவும் கட்ட வேண்டாம். விற்பவர் திவால் மனுவில் இருந்தால், கோர்ட் அனுமதியின்றி விற்க முடியாமல் போகலாம்.

உரிமையாளர் எல்எல்சி வகை நிறுவனம் என்றால், மாநில வரி அதிகாரியான கம்ப்ட்ரோலரின் தளத்தில் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

இதே தேடலை வாடகைக்கு வருபவரையோ வேலைக்கு எடுப்பவரையோ அலசப் பயன்படுத்த நினைத்தால் கவனம்: பின்னணிச் சோதனை நிறுவனங்களின் அறிக்கையை வைத்து முடிவெடுப்பதற்கு ஃபெடரல் சட்டத்தில் தனி விதிகள் உண்டு.

10. நகலும் செலவும்

திரையில் பார்ப்பது பெரும்பாலான கவுன்ட்டிகளில் இலவசம். படத்தின் குறுக்கே நீர்க்குறி இருக்கும், படிக்கத் தடையில்லை. சாதா நகல் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகல் என்றால் அதோடு ஆவணத்துக்கு 5 டாலர். மூன்று பக்கப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் 8 டாலர். கார்டில் கட்டினால் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. டீட் ஆஃப் ட்ரஸ்ட் இருபது பக்கத்தைத் தாண்டும். அதை முழுக்க வாங்காதீர்கள், முதல் மூன்று பக்கமும் கையெழுத்துப் பக்கமும் போதும். தேடிப் படிக்கச் சாதா நகலே போதும். சான்றிட்டது தேவைப்படுவது கோர்ட்டுக்கும் தூதரக வேலைக்கும்தான்.

கிளார்க் அலுவலகத்தில் பொதுமக்களுக்கான கணினி இருக்கும். அங்கே உட்கார்ந்து தேடக் கட்டணமில்லை. ஊழியர்கள் எங்கே தேடுவது என்று காட்டுவார்கள், ஆவணத்தின் பொருளைச் சொல்ல மாட்டார்கள். சட்ட ஆலோசனை தரக்கூடாது என்பது அவர்களுக்கு விதி.

11. ஒப்பந்தம் போட்ட பிறகு

டைட்டில் கம்பெனி பாலிசிக்கு முன் அனுப்பும் டைட்டில் கமிட்மென்ட் வந்ததும், அதில் ஷெட்யூல் பி, சி என்ற இரண்டு பட்டியல்களையும் முதலில் படியுங்கள். பி-யில் இருப்பவை காப்புறுதி பொறுப்பேற்காதவை. ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கிளார்க் தளத்தில் போட்டு ஆவணத்தைத் திறந்து பாருங்கள். சி-யில் இருப்பவை க்ளோசிங்குக்கு முன் தீர்க்க வேண்டியவை. நீங்கள் கண்டுபிடித்த லீன் சி-யில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க ஒப்பந்தத்தில் நாள் கணக்கு உண்டு. அது தாண்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும்.

12. சாவி வாங்கிய பிறகு

இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் பெயரைக் கிராண்டியாகப் போட்டுத் தேடுங்கள். பெயரின் எழுத்து, லாட், பிளாக், ஃபேஸ் சரியா என்று பாருங்கள். தவறிருந்தால் டைட்டில் கம்பெனியிடம் திருத்தப் பத்திரம் பதியச் சொல்லுங்கள். விற்றவர் ஊரில் இருக்கும்போதே செய்வது எளிது.

பத்திரம் பதிவான சில நாளில் அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் தபால்கள் வரும். 'உங்கள் பத்திர நகலுக்கு 100 டாலர் அனுப்புங்கள்' என்று இருக்கும். குப்பைத் தொட்டியில் போடுங்கள். அதே நகல் கவுன்ட்டியில் என்ன விலை என்று மேலே பார்த்தீர்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்குப் பணம் கேட்டாலும் அப்படியே. விண்ணப்பம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசம். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தில் முகவரி வீட்டு முகவரியோடு பொருந்த வேண்டும். முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். குடியுரிமை கேட்பதில்லை, எச்1பி-யில் இருப்பவரும் வாங்கலாம். கெடு ஏப்ரல் 30. மதிப்பை எதிர்த்து மனு போடுவதற்குக் கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30-வது நாள், எது பின்னால் வருகிறதோ அது.

பல கவுன்ட்டிகளில் உங்கள் பெயரில் ஏதாவது ஆவணம் பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் இலவச எச்சரிக்கை வசதி இருக்கிறது. உங்கள் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அதில் கொடுத்து வையுங்கள். ரீஃபைனான்ஸ் செய்தாலோ கடனை முடித்தாலோ, ஓரிரு மாதத்தில் பழைய அடமானத்துக்கு ரிலீஸ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லையென்றால், அந்த வங்கி வேறொன்றோடு இணைந்து பெயர் மாறும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.